காத்திருக்கும் திரை



தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொழுந்து லொறியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பிற பகுதிகளிலிருந்து இப்பேச்சைக் கேட்போருக்காக மட்டும் ஒரு சொல். மலையிலே பறித்த கொழுந்தைப் பெண்கள் சுமந்து வந்து கொழுந்து மடுவத்தில் நிறுத்துக் கொடுப்பார்கள். அதை ஏற்றிக்கொண்டு லொறி ஸ்டோருக்குப் போகும். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. கொழுந்து எல்லா நாளும் ஒரே வேகத்தில் மடுவத்துக்கு வந்து சேர்வதில்லை. மழைநாள் ஒன்று, வெயில்நாள் ஒன்று. சரிவான மலை ஒன்று, சமமான மலை ஒன்று. லொறிச் சாரதியோ மணி பார்த்துப் புறப்படுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். சாக்குகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே லொறி நகர்ந்துவிடும். அல்லது ஒரு நிமிடம் பிந்தி வந்த கொழுந்து, அடுத்த லொறி வரும்வரை மடுவத்திலேயே கிடக்கும். இந்த இரண்டையும் தவிர்க்க ஒரு வழிதான் உண்டு. கொழுந்து வந்து ஏறும்வரை லொறி சற்றே காத்திருப்பது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கொழுந்து அன்று, கணினித் திரை. கணினியில் விளையாடும் பிள்ளைகள் திரையில் காணும் வெட்டும் தடுமாற்றமும் எதனால் வருகின்றன, அவற்றைப் பெரும் செலவின்றி நீக்குவது எவ்வாறு என்பதே பொருள். கலைத்துறையில் பட்டம் பெற்ற ஓர் அதிபர் இதைப் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். நானும் அப்படியே நினைத்திருந்தேன். ஒரு தவறான அறிவுரையை வழங்கிவிட்டு, அதற்கு வெட்கப்பட்டு, அதன் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்லுகிறேன்.

அற்றன் நகருக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாய் பாடசாலைக்கு என்னைக் காண வந்தார். கொழுந்து பறிக்கும் பெண். மகன் எங்கள் பாடசாலையில் உயர்தரம் படிக்கிறவன். மூத்தவன் கொழும்பில் கடை ஒன்றில் வேலை செய்கிறான். மூத்தவன் ஓராண்டுக் காலமாகச் சிறிது சிறிதாகப் பணம் சேர்த்து, பழைய கணினி ஒன்றையும், அதற்கு ஒரு மொனிட்டரையும் வாங்கித் தம்பிக்கு அனுப்பியிருந்தான். ஞாயிறு இரவுகளில் அண்ணன் தன் நண்பனின் கணினியிலும் தம்பி லயத்து அறையிலும் அமர்ந்து, இணையத்தின் வழியே கார்ப் பந்தயம் ஆடுவார்களாம். இருவரும் ஒருவரையொருவர் காண்பது தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான். இடைப்பட்ட காலத்தில் இந்த விளையாட்டே அவர்களுடைய சந்திப்பு.

சிக்கல் இதுதான். கார் வளைவிலே திரும்பும்போது சாலையோர மரங்கள் இரண்டாக வெட்டுண்டு, மேற்பாதி ஓரிடத்திலும் கீழ்ப்பாதி சற்று விலகியும் நிற்கின்றன. ஏதோ ஒரு பொத்தானை மாற்றினால் வெட்டு மறைகிறது. ஆனால் கார் திக்கித் திக்கி ஓடுகிறது, திருப்பினால் தாமதமாகத் திரும்புகிறது. பட்டணத்துக் கடை ஒன்றில் காட்டினார்கள். கிராஃபிக்ஸ் கார்ட் போதாது, புதியது போடவேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அந்தக் கார்ட்டின் விலை, அந்த அம்மா இரண்டு மாதம் தவறாமல் பெயர் போட்டால் வரும் சம்பளத்தைவிடக் கூடியது.

“காதுத் தோட்டை அடகு வைக்கலாம்னு இருக்கேன் ஐயா. நீங்க சொன்னா வைக்கிறேன்” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தோட்டை அடகு வைக்க வேண்டாம் அம்மா. கணினியை விற்றுவிடுங்கள். பரீட்சை வருகிறது” என்றேன். பையன் அருகிலே நின்றான். ஒன்றும் பேசவில்லை. என் சொல்லை மதித்துத் தலையசைத்தான். முப்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழிலில் இருந்தவனுக்கு, ஒரு பிள்ளை தலையசைப்பதற்கும் உடன்படுவதற்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

அன்று இடைவேளையில் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அந்தத் திரை எத்தனை ஹேர்ட்ஸ் சேர்?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஹேர்ட்ஸ் ஒன்றே ஒன்றுதான். அது லக்சபானவின் 50.

இதை நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. திரையின் கதை உண்மையிலேயே மின்சாரத்தின் கதையிலிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே எழுதினார். தடைப்பட்டுத் தடைப்பட்டு, 1950 இல்தான் பழைய லக்சபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நாட்டுக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த இந்த மலைகளின் லயங்களில் அதற்குப் பின்னும் நெடுங்காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. இருக்கட்டும். இந்த மின்சாரம் ஒரு விநாடிக்கு 50 முறை அலைவது. நாட்டின் மின்பின்னலில் இணைந்த இயந்திரங்கள் அனைத்தும் இந்த ஒரே தாளத்துக்குத்தான் சுழல வேண்டும்.

ஒரு முறை மாணவர்களை மின் நிலையம் ஒன்றைப் பார்க்க அழைத்துச் சென்றிருந்தேன். புதிதாக ஓடத் தொடங்கும் ஓர் இயந்திரத்தை மின்பின்னலோடு சேர்ப்பதற்கு முற்காலத்தில் கையாண்ட முறையை அங்கிருந்த பொறியியலாளர் விளக்கினார். இரண்டுக்கும் இடையே மூன்று விளக்குகளைத் தொடுத்துவிடுவார்கள். தாளம் ஒவ்வாதிருக்கும்வரை விளக்குகள் மங்கியும் ஒளிர்ந்தும் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வாமை குறையக் குறைய அந்த மாற்றம் மெதுவாகும். மூன்றும் முற்றாக இருளும் அந்தக் கணத்தில் ஆளியை மூடவேண்டும். தவறிய கணத்தில் மூடினால் இயந்திரத்துக்கே கேடு. இரண்டு தாளங்கள் ஒவ்வாதபோது இடையிலே ஒரு மூன்றாவது துடிப்பு தோன்றும் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனித் திரைக்கு வருவோம். திரைப்படத்தில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 1920 களின் இறுதியில் பேசும் படம் வந்தபோது நிலைபெற்ற கணக்கு அது. 24 மட்டுமே என்றால் வெளிச்சம் துடிப்பது கண்ணுக்குத் தெரியும். ஆகையால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை மறைத்துக் காட்டினார்கள். தொலைக்காட்சி வந்தபோது, மின்சாரத்தின் தாளத்தையே திரைக்கும் வைத்தார்கள். மின்சாரம் 60 முறை அலையும் அமெரிக்காவில் திரையும் 60 முறை. 50 முறை அலையும் ஐரோப்பாவில் 50 முறை. தாளம் வேறாயிருந்தால் படத்தின்மேல் மங்கலான பட்டைகள் ஊர்ந்து செல்லும் என்பது காரணம். 1982 இல் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, பீதுருதாலகால மலையுச்சியிலிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்த படமும் அந்த 50 கணக்கினதே. பெரிய கணக்கப்பிள்ளையின் வீட்டு யன்னலுக்கு வெளியே நின்று அதைப் பார்த்த சிறுவர் கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஆக, திரை என்பது மாறாத மணிக்கூட்டுக்கு ஓடும் ஒரு பொருள். மின்கதிர் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படத்தை எழுதும். அடிக்கு வந்ததும் சற்றே ஓய்ந்து, மீண்டும் மேலே போகும். கணினி வந்தபோது அந்த வழக்கத்தையே மரபாகப் பெற்றது. பெரும்பாலான கணினித் திரைகள் விநாடிக்கு 60 முறை தம்மைப் புதுப்பித்துக்கொள்பவை. குழாய்த் திரை போய் தட்டைத் திரை வந்தது. மின்கதிரும் இல்லை, அது மேலே திரும்ப வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் தாளம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பழைய வண்டிப் பாதையின் வளைவுகளில் புதிய தார் போடுவதைப் போல.

திரைப்படமும் தொலைக்காட்சியும் முன்னமே எடுத்து வைத்த படங்களைக் காட்டுவன. அவற்றுக்கு மாறாத தாளம் பொருந்தும். விளையாட்டு அப்படியன்று. அங்கே ஒவ்வொரு படத்தையும் கணினி அந்தந்தக் கணத்தில் புதிதாக வரைகிறது. வெறும் சாலை என்றால் விரைவாக வரைந்துவிடும். மரமும் மழையும் பத்துக் கார்களும் சேர்ந்து வந்தால் கூடுதல் நேரம் எடுக்கும். ஒரு கணம் விநாடிக்கு 90 படம், மறு கணம் 50 படம். கொழுந்து வரும் வேகம் மாறுகிறது. லொறியோ மணி தவறாதது.

விநாடிக்கு 60 முறை என்றால் ஒரு முறைக்கு 16.7 மில்லி விநாடி. திரை ஒரு படத்தை மேலிருந்து எழுதிக்கொண்டு நடுவுக்கு வந்திருக்கையில், கணினி புதிய படத்தை முடித்து நீட்டுகிறது. திரை தன் போக்கிலே எழுதிச் செல்ல, மேற்பாதி பழைய படமும் கீழ்ப்பாதி புதிய படமும் ஆகிவிடுகிறது. இதுவே மரங்கள் வெட்டுண்டதன் காரணம். இதைத் தவிர்க்க வெர்டிகல் சிங்க், சுருக்கமாக வி-சிங்க், என்ற ஏற்பாடு நீண்ட காலமாகவே இருக்கிறது. திரை ஒரு படத்தை முழுமையாக எழுதி முடிக்கும்வரை புதிய படம் காத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. வெட்டு மறையும். ஆனால் 17 மில்லி விநாடியில் முடிந்த படம், மயிரிழையில் முறையைத் தவறவிட்டு, 33 மில்லி விநாடி ஆகும்வரை நிற்க நேரிடும். விநாடிக்கு 59 படம் வரையவல்ல கணினி 30 படமே காட்டும் நிலை இப்படித்தான் வருகிறது. இன்னும் நல்ல ஏற்பாடு இருந்து 50 படம் வந்தாலும், 60 முறை புதுப்பிக்கும் திரையில் விநாடிக்குப் பத்து முறை பழைய படமே மீண்டும் நிற்கும். அந்த மூன்று விளக்குகளின் துடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். திக்கித் திக்கி ஓடுவதாகப் பையன் சொன்னது அதைத்தான். கை திருப்பிய பின் கார் தாமதித்துத் திரும்பியதும் காத்திருந்த படங்களினாலேயே.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள். கணினி ஏன் திரைக்காகக் காத்திருக்க வேண்டும்? திரை கணினிக்காகக் காத்திருக்கக் கூடாதா? ஒரு படத்தை எழுதி முடித்து மறு படத்தைத் தொடங்குமுன் திரை எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறு ஓய்வு இருக்கிறதே, அதை நீட்டிவிட்டால் போதும். புதிய படம் வந்த கணத்தில் திரை எழுதத் தொடங்கும். என்விடியா நிறுவனம் 2013 இல் ஜி-சிங்க் என்ற பெயரில் இதை அறிவித்தது. அதற்கு மொனிட்டருக்குள் ஒரு தனிப்பட்ட கருவியை வைக்கவேண்டியிருந்ததால் விலை மிகுந்தது. திரைகளுக்கு அளவுகோல் வகுக்கும் வெசா என்ற அமைப்பு 2014 இல் அடாப்டிவ் சிங்க் என்பதைப் பொது விதியாக டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பில் சேர்த்தது. 2015 முதல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஃபிரீசிங்க் பெயருடன் மலிவான மொனிட்டர்களும் கடைக்கு வந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஏற்பாட்டின் வித்து விளையாட்டுக்காக விதைக்கப்பட்டதன்று. மடிக்கணினியில் அசையாத படம் நிற்கும்போது திரையை அடிக்கடி புதுப்பித்து மின்கலத்தை வீணாக்க வேண்டாம் என்ற சிக்கன எண்ணத்தில், மடிக்கணினித் திரைகளுக்கான விதியில் அது முன்னமே இருந்தது.

2019 ஜனவரியில் என்விடியா தன் 10 வரிசைக் கார்ட்டுகளும் அவற்றுக்குப் பிற்பட்டவையும் இந்தப் பொது விதித் திரைகளோடு இயங்க வழி திறந்துவிட்டது. எங்கள் பையனிடம் இருந்த கார்ட் அந்த 10 வரிசையைச் சேர்ந்தது. மொனிட்டரோ 48 முதல் 144 வரை தாளத்தை மாற்றிக்கொள்ள வல்லது. பின்புறத்து ஒட்டுத்தாளில் ஃபிரீசிங்க் என்றே அச்சிட்டிருந்தது. கடைக்காரர் மாற்றச் சொன்ன கார்ட்டிலும் குறையில்லை, அண்ணன் வாங்கிய திரையிலும் குறையில்லை. இரண்டையும் ஒன்றோடொன்று பேச வைக்கத்தான் ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த ஆசிரியையும் லயத்துக்குப் போனோம். கணினியை விற்றுவிடு என்ற என் சொல்லை நானே போய்த் திரும்பப் பெறவேண்டும் என்று தோன்றியது. அந்தத் தாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சாயத் தேநீர் கொடுத்தார். காதில் தோடு இருந்தது. அடகு வைப்பது அடுத்த சம்பளத்துக்குப் பிறகு என்று முடிவு செய்திருந்தார்களாம்.

அங்கே நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். இதே சிக்கல் உள்ள பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். ஆசிரியை கணினியைத் தொடுவதற்கு முன்னர் பையனிடம் ஒரு கேள்வி கேட்டார்: “மற்ற கார்கள் மட்டும் தாவித் தாவிப் போகின்றனவா, அல்லது உன் சாலையும் மரமும்கூட வெட்டுண்டு தடுமாறுகின்றனவா?” மற்றக் கார்கள் மட்டும் தாவினால் அது இணையத்தின் குறை, திரையில் எதை மாற்றியும் பயனில்லை. தனியாக ஆடும்போதும் மரம் வெட்டுண்டால் அது திரையின் காரியம். தனியாக ஆடும்போதும் அப்படித்தான் என்றான் பையன்.

முதலில் கேபிளைப் பார்த்தார். எச்.டி.எம்.ஐ. கேபிள் போட்டிருந்தது. அந்த வரிசைக் கார்ட் இந்த வேலையை டிஸ்ப்ளேபோர்ட் வழியாகவே செய்யும். ஆசிரியை தம் கைப்பையிலே டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஒன்று கொண்டுவந்திருந்தார். அதைக் கணினியின் பின்புறத்தில், கீழே தனியாகப் படுத்திருக்கும் கார்ட்டின் துளையில் சொருக வேண்டும். மேலே தாய்ப்பலகையோடு சேர்ந்திருக்கும் துளையில் அன்று. இந்தத் தவறைப் பலர் செய்கிறார்களாம்.

அடுத்து மொனிட்டரின் அடியில் உள்ள பொத்தான்களை அழுத்தி, அதன் சொந்தப் பட்டியலைத் திறந்தார். ஃபிரீசிங்க் என்ற வரி அணைந்து கிடந்தது. அதை ஏற்றினார். சில மொனிட்டர்களில் இதே வரி அடாப்டிவ் சிங்க் என்று இருக்கும். மொனிட்டரில் அணைந்திருந்தால் கணினிக்குள் அந்த வசதி கண்ணிலேயே படாது. ஆகையால் இது முந்தியது.

பிறகு விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே. அங்கே ரிஃப்ரெஷ் ரேட் என்ற இடத்தில் 60 என்று இருந்தது. நான் அதைக் கண்டு திகைத்தேன். 144 முறை புதுப்பிக்க வல்ல திரையை வாங்கிக் கொடுத்திருக்கிறான் அண்ணன். ஓராண்டாக அது 60 இலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. விண்டோஸ் தானாக உயர்ந்த எண்ணைத் தேர்வதில்லை என்பதும், நாம் போய்த் தேர வேண்டும் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? 144 ஐத் தேர்ந்ததும் சுட்டியின் அம்புக்குறியே வேறு விதமாக ஓடிற்று. பையன் அதைத் திரையெங்கும் ஓட்டி ஓட்டிப் பார்த்தான்.

அதன் பின் என்விடியா கண்ட்ரோல் பேனல். அதில் செட் அப் ஜி-சிங்க் என்ற பக்கத்தைத் திறந்து, ஜி-சிங்க் கம்பாட்டிபிள் என்பதை ஏற்றி, கீழே அந்தக் குறிப்பிட்ட மொனிட்டருக்கும் அது செல்லும் என்ற கட்டத்திலும் குறியிட்டார். ஏ.எம்.டி. கார்ட் வைத்திருப்போர் ஏ.எம்.டி.யின் சொந்த மென்பொருளில் டிஸ்ப்ளே பகுதிக்குள் ஃபிரீசிங்க் என்பதை ஏற்ற வேண்டும்.

இத்துடன் முடிந்தது என்று நான் எண்ணினேன். “இல்லை சேர், ஒரு வரம்பு போடவேண்டும்” என்றார் ஆசிரியை. திரை காத்திருக்கும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்தத் திரை 144 க்கு மேல் ஓடாது. எளிய காட்சிகளில் கணினி அதைத் தாண்டி வரைந்தால், பழைய வெட்டோ பழைய தாமதமோ மீண்டும் வந்துவிடும். ஆகையால் அதே பேனலில் மேனேஜ் த்ரீ-டி செட்டிங்ஸ் என்ற பக்கத்தில், மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்ற வரியில் 141 என்று எழுதினார். உச்ச எண்ணுக்கு மூன்று குறைவாக வைப்பது வழக்கமாம். அதே பக்கத்தில் வெர்டிகல் சிங்க் என்பதை ஏற்றிவிட்டு, விளையாட்டுக்குள் உள்ள வி-சிங்கை மட்டும் அணைத்துவிட்டார். ஒன்றை ஏற்றி ஒன்றை அணைப்பது முரண் அல்லவா என்று கேட்டேன். விளையாட்டுக்குள் உள்ளது தன் பழைய முறையில் படங்களைப் பிடித்து நிறுத்தும். பேனலில் உள்ளது ஜி-சிங்கோடு சேர்ந்து, எப்போதாவது எல்லை மீறும் ஒரு படத்தை மட்டும் தடுக்கும் காவற்காரன் என்றார். கேட்டபோது விளங்கிற்று.

எல்லாம் இயங்குகிறதா என்று அறிவதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பல மொனிட்டர்களின் சொந்தப் பட்டியலில் அந்தக் கணத்துத் தாளத்தை எண்ணாகத் திரையின் மூலையில் காட்டும் வசதி இருக்கிறது. பையன் விளையாட்டைத் தொடங்கினான். மூலையில் எண் 86, 79, 91, 64 என்று மாறிக்கொண்டே இருந்தது. மாறாதிருந்தால்தான் ஏதோ தவறு. வளைவிலே கார் திரும்பிற்று. மரங்கள் அடிமுதல் நுனிவரை முழு மரங்களாகவே நகர்ந்து போயின.

அந்தத் தாய் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “புதுசா என்ன சாமான் போட்டீங்க ஐயா?” என்று கேட்டார். ஒரு வயர்தான் அம்மா என்றேன். ஆசிரியை அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வீட்டில் சும்மா கிடந்ததாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இந்த ஏற்பாடு கணினிக்குப் புதிய வலிமை எதையும் கொடுப்பதில்லை. விநாடிக்கு 25 படமே வரையக்கூடிய கணினி, இதன் பின்னும் 25 படமே வரையும். கடைக்காரர் சொல்வது எல்லாச் சமயத்திலும் பொய்யாகிவிடாது. இருக்கும் வலிமை வீணாகாமல் திரையில் வந்து சேருகிறது என்பதே பயன். ஆகையால் கார்ட் வாங்கப் பணம் புரட்டுமுன், இருக்கும் திரையும் கார்ட்டும் ஒன்றையொன்று அறிந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

குறைகளும் உண்டு. சில திரைகளில், விளையாட்டு அடுத்த களத்தை ஏற்றும் நேரத்தில் படத்தின் ஒளி மினுமினுக்கும். தாளம் திடீரென்று தாழ்ந்து உயர்வதனால் வருவது அது. திரை பழுதென்று எண்ண வேண்டியதில்லை. மிகுதியாக இருந்தால் அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் இதை அணைத்துவிடலாம். மலிவான மொனிட்டர் சிலவற்றின் வீச்சு 48 முதல் 75 வரை மட்டுமே. அப்படிப்பட்டவை 48 க்குக் கீழே இறங்கினால் கைவிட்டுவிடும். மொனிட்டர் வாங்கப் போகிறவர்கள், உச்ச எண் அடி எண்ணின் இரு மடங்குக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நலம். அப்போது படம் குறையும் வேளையில் திரை ஒரே படத்தை இரு முறை காட்டித் தன் தாளத்தைக் காத்துக்கொள்ளும்.

விளையாட்டு எதற்கு, படிப்பல்லவா வேண்டும் என்று கேட்கும் பெற்றோரின் குரல் என் காதில் விழாமல் இல்லை. அது என் குரலாகவும் இருந்தது. 2018 இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் கணினி விளையாட்டு காட்சிப் போட்டியாக வைக்கப்பட்டது என்பதையும், 2023 இல் ஹாங்சோவில் அதற்குப் பதக்கமே வழங்கப்பட்டது என்பதையும் பின்னர் அறிந்தேன். ஆனால் என் மனத்தை மாற்றியது அந்தப் பதக்கமன்று. இரவு எட்டு மணிக்கு அண்ணன் இணைப்பில் வந்தான். நாங்கள் புறப்படும் வேளை. இப்போது மரம் வெட்டுப்படுகிறதா என்று கொழும்பிலிருந்து கேட்டான். “இல்ல அண்ணே, நீங்க வாங்கினது 144” என்றான் தம்பி. வாங்கியவனுக்கே அது அதுவரை தெரியாது போலும். அந்தப் பக்கத்திலிருந்து சிறிது நேரம் குரலே வரவில்லை.

அடுத்த வாரம் பையன் அலுவலக அறைக்கு வந்தான். இரவுநேர மழைக் காட்சியில் மட்டும் மூலை எண்ணின் போக்கு மாறுகிறதாம். கணினி 40 படம் வரைகையில் திரை 80 என்று காட்டுகிறதாம். ஆசிரியையை அழைத்துக் கேட்டேன். 40 என்பது 48 க்குக் கீழ் அல்லவா? ஆகையால் ஒவ்வொரு படத்தையும் திரை இரு முறை காட்டுகிறது. அது சரியாகவே வேலை செய்கிறது என்றார். கார் சற்றுக் கனமாகத் தோன்றினால் விளையாட்டின் பட்டியலில் நிழல் என்ற வரியை ஒரு படி குறைத்துப் பார்க்கும்படி சொன்னார். குறைத்தான்; 52 வந்தது. மழைக் காட்சியில் அதற்கு மேல் அந்தக் கணினியால் இயலாது.